வெறும் பெட்டியில் ஒரு தேங்காய்

கப்பல் முகவரின் நிபந்தனைகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: வெறும் கொள்கலனைத் தங்கள் கிடங்கு வாசலுக்குக் கொண்டுவந்த நாளோடு தாமதக் கட்டணம் நின்றுவிடும், உள்ளே குப்பை இருந்தால் சுத்தம் செய்யும் கூலி மட்டும் அறவிடப்படும். தெளிவான வாசகம். இதைவிடக் குழப்பமான விதிகளை வைத்துக்கொண்டு நான் காலம் முழுவதும் வேலை பார்த்திருக்கிறேன்.

அந்த வேலை கொழும்பில், அரசாங்க அலுவலகமொன்றில் இறக்குமதிப் பத்திரங்களைச் சரிபார்ப்பது. ஓய்வுபெற்றுக் கண்டிக்கு வந்தபின், அதே வேலையை என் தங்கையின் கணவருக்குச் சம்பளமில்லாமல் செய்கிறேன். அவருக்குக் கம்பளையில் எவர்சில்வர் கடை. அதுவரை கொழும்பு மொத்த வியாபாரியிடம் வாங்கியவர், முதல்முறையாகத் தூத்துக்குடியிலிருந்து நேரடியாக ஒரு கொள்கலன் நிறையக் குடங்கள் வரவழைத்தார். நான் அவரை உட்காரவைத்துச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, இதுல ரெண்டு கடிகாரம் ஓடும். பெட்டி துறைமுகத்துல கெடக்குற வரைக்கும் ஒண்ணு. வெளிய எடுத்தப்புறம், வெறும் பெட்டிய ஒப்படைக்கிற வரைக்கும் இன்னொண்ணு. ரெண்டுக்கும் கொஞ்ச நாள் சும்மா விடுவாங்க. அதுல ஞாயிறும் சேத்தி, போயாவும் சேத்தி. அதுக்கு மேல நாளுக்கு இவ்வளவுன்னு காசு."

"போயாவுக்கு சாராயக் கடையே பூட்டியிருக்கு மச்சான். இவனுக கடிகாரம் மட்டும் ஓடுமா?"

"ஓடும்."

கப்பல் வருமுன்பே பத்திரங்களைத் தயார் செய்தேன். வரி கட்டவும் லொறி பிடிக்கவும் ஆள் ஏற்பாடு செய்தேன். முதல் கடிகாரம் காசு கேட்பதற்குள் பெட்டி துறைமுகத்தைவிட்டு வெளியேறியது. இனி அதைத் திருப்பிக் கொடுத்தால், முகவரிடம் கட்டியிருந்த வைப்புப் பணம் கைக்கு வரும். மாப்பிள்ளை அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். தீபாவளிக்கு முன் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளருக்கு முற்பணம் கொடுப்பார்கள். சனம் கம்பளைக்கு இறங்கும். எண்ணெய்ச் சட்டியும் முறுக்கு உரலும் விலைபோவது அப்போதுதான். அவற்றை வாங்கிப்போட வேறு கைமுதல் அவரிடம் இல்லை.

லொறி கடுகண்ணாவை ஏற்றத்தில் ஊர்ந்து கம்பளைக்கு வந்தது. மத்தியானத்துக்குள் சரக்கை இறக்கி, பெட்டியை உடனே திருப்பி அனுப்பிவிட்டதாக மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னார். நாளும் மிச்சமிருந்தது. இப்படி ஒழுங்காக நடந்த காரியத்தை நான் அரசாங்கத்தில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை சாரதி கிடங்கு வாசலிலிருந்து அழைத்தார். பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே வாழையிலை விரித்து, ஒரு பிடி பச்சரிசி, மஞ்சள் கிழங்கு, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவில் குடுமியோடு ஒரு தேங்காய்.

தங்கையை அழைத்தேன்.

"ஆமாண்ணே, நான்தான் வச்சேன். அடுத்தவங்க பாத்திரத்த வெறுமையா திருப்பிக் குடுப்பாங்களா?"

"அது பாத்திரம் இல்லம்மா. கண்டெய்னர்."

"சரி, பெரிய பாத்திரம்னு வச்சிக்கங்க."

எங்கள் வீடுகளில் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணம் பாயசத்தோடு வந்தால், ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் திரும்பும். லொறியில் வந்த கிண்ணத்துக்கும் இது பொருந்தும் என்று எந்தச் சுற்றறிக்கையும் எனக்கு அறிவித்திருக்கவில்லை.

சாரதி கெட்டிக்காரர். பழங்களை வாசலில் நின்றவர்களுக்குப் பங்கிட்டு, தேங்காயைக் காவலாளியிடம் கொடுத்து, தளத்தைக் கூட்டிவிட்டார். நான் சொல்லியிருந்தபடி, பெட்டி வாசலுக்கு வந்த நேரம் குறித்த துண்டுச்சீட்டையும் வாங்கிக்கொண்டார். ஆனால் கிடங்கு எழுத்தர் அதற்குள் கணினியில் பதிந்துவிட்டார்: பெட்டி வெறுமையாக இல்லை, உள்ளே சரக்கு உள்ளது. பிறகு சாரதியிடம் சிங்களத்தில் "ஹெட்ட எண்ட" என்றார், நாளைக்கு வரச்சொல்லி. நாளை போயா, பௌர்ணமி விடுமுறை. அதற்கடுத்து ஞாயிறு. திங்கட்கிழமை கிடங்கில் இடமில்லை. செவ்வாய்க்கிழமை பெட்டியை ஏற்றுக்கொண்டார்கள். இடையில் மிச்ச நாட்கள் தீர்ந்து கட்டணம் ஏறியிருந்தது. தகராறு தீரும்வரை வைப்புப் பணம் முழுவதையும் முகவர் நிறுத்திவைத்தார்.

அவர்களுடைய விதியையே மேற்கோள் காட்டி, வாசல் துண்டின் பிரதியோடு கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், மரியாதையான பிள்ளை.

"ஓம் சேர், நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா சிஸ்டத்தில சரக்கு எண்டு கிடக்குது."

"அது தேங்காய், பிள்ளை."

"தேங்காயும் சரக்குத்தானே சேர்?"

"ஒரு தேங்காய்."

"எத்தினை எண்டு சிஸ்டத்தில இல்லை சேர். அந்தச் சரக்கின்ர உரிமையாளர் ஆர் எண்டு எழுத்தில தருவீங்களோ?"

தந்தேன். உரிமையாளர்: என் தங்கை. பொருள்: சீர். பெறுமதி: வணிகப் பெறுமதி இல்லை. சாரதி தன் மனைவிக்குக் காட்டுவதற்காக எடுத்திருந்த படத்தையும் இணைத்தேன். அதன்பின் ஒவ்வொரு திங்களும் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் கடிதம் மேலே போயிருப்பதாகச் சொன்னார்கள். மேலே போன கடிதம் எதுவும் கீழே இறங்குவதாகத் தெரியவில்லை.

"நீங்க இருந்த எடந்தானே மச்சான் இதெல்லாம்?" என்றார் மாப்பிள்ளை.

"நான் இருந்தது அரசாங்கம். இது தனியார் கம்பெனி."

"அப்ப அங்க உங்கள யாருக்கும் தெரியாது."

"தெரியாது."

"அரசாங்கத்துல தெரியுமா?"

"அங்கயும் இப்ப தெரியாது."

தோட்டங்களில் முற்பணம் கொடுத்தார்கள். நான் கம்பளைக்குப் போயிருந்த அன்று, ஒரு பெண் கடைக்குள் வந்து முறுக்கு உரல் கேட்டார். மாப்பிள்ளை ஒரு குடத்தைக் காட்டினார். "குடத்துல முறுக்கு புழியவா?" என்று கேட்டுவிட்டு, அவர் எதிர்க் கடைக்குப் போனார். பின்னால் வந்தவர்களும் அங்கேயே போனார்கள். தங்கை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகவரின் பதில் மூன்று வரி. எங்கள் விளக்கம் விதிக்கு அமைவானது. தாமதக் கட்டணம் நீக்கப்பட்டது. சுத்தம் செய்யும் கூலி போக வைப்புப் பணம் திருப்பித் தரப்படும். அந்தப் பதில் என் கைக்குக் கிடைத்தது நவம்பர் பதினேழாம் திகதி, தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள்.