பார்க்காமல் சொன்ன ஓகே

போன வருடம் ஐப்பசி மழை நேரம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கழிவுநீர்ப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன்தான். ஆனாலும் போனை நோண்டுவதில் கெட்டிக்காரன் என்று ஒரு பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

கழிவுநீர்த் தொட்டியில் ஒரு சென்சார் உண்டு. விஷவாயு ஏறினால் கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில், ஒரு புரோகிராம் ஓடி, எங்கள் போன்களில் அலாரம் அடிக்கும். எங்களுக்கென்று தனி சர்வர் இல்லை, கிளவுடில் ஒரு அக்கவுண்ட் மட்டும்தான். அதில் ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் அலாரம் ஓடும் என்று லிமிட். தொட்டியில் ஆள் இறங்கும் முன்னால், லிமிட் எவ்வளவு, ஓடியது எவ்வளவு என்று நான் பார்த்து ஓகே சொல்ல வேண்டும்.

அதே இடத்தில் டெஸ்ட் பட்டனும் இருக்கும். எங்கள் பிரிவில் தொட்டியில் இறங்கும் வேலைக்கு ஒரு அண்ணன் இருந்தார். அவர் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது அழுத்துவேன். போன் அலறும், அவர் துள்ளுவார்.

"இன்னாண்ணா, டீல கேஸ் ஜாஸ்தியா?"

"பேஜார் பண்ணாதடா" என்பார், சிரித்துக்கொண்டே. அன்று காலை முழுக்க இதே விளையாட்டு.

மதியம் தொட்டிக்குள் இருந்த பம்ப் அடைத்துக்கொண்டது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டே அண்ணன் கேட்டார்: "லிமிட்டு பாத்தியாடா?"

"ஓகேண்ணா, எறங்கு."

நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது. "வாடை வருதுடா."

"போனு அடிக்கல. சாக்கு சொல்லாம வேலயப் பாருண்ணா."

சட்டென்று கயிறு கனத்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்தவருக்கு உதடு நீலமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு இன்ஜினியர் லேப்டாப்பைத் திறந்தார். டெஸ்டும் அந்தக் கணக்கில்தான் சேருமாம்; அந்த நாளின் லிமிட் காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது. வரிசையாக எல்லாம் டெஸ்ட், எல்லாம் என் போனிலிருந்து போனவை. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அண்ணன் பிழைத்தார், நுரையீரல்தான் பழையபடி ஆகவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் மனைவி எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணன் மாஸ்க்கை விலக்கி, "நெஜமா பாத்தியாடா?" என்றார்.

"இல்லண்ணா."

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது யாராவது என்னை நம்பி ஏதாவது கேட்டால், பதில் சொல்ல எனக்கு நேரமாகிறது. கேட்கிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.