கணுக்காலும் கணுக்காலியும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு எப்போதும் இடம் மாறும். ஆறாம் வகுப்போடு நின்றவன் என்பதால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளி ஆண்டிதழுக்கு எழுதித் தரும்படி டீச்சர் கேட்டார், எழுதுகிறேன்.

கிள்ளான் பாசாரில் எனக்கு இறால், நண்டுக் கடை. நிறுத்துப் பையில் போட்டுக் கொடுப்பேன், பேச்சு அவ்வளவுதான். பக்கத்துக் காய்கறிக் கடை அக்கா, "பாஸ், உங்க நண்டுகூட உங்களைவிட அதிகமா சத்தம் போடுது லா" என்பார்.

போன வருடம் ஐஸ் தண்ணீரில் வழுக்கி என் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. நானே எண்ணெய் தேய்த்துத் துணி கட்டிச் சரி செய்தேன். பாசார் முழுக்க அதைப் பரப்பியது அந்த அக்காதான். சில நாள் கழித்து, என்னிடம் இறால் வாங்கும் தமிழ்ப்பள்ளி டீச்சர் போன் செய்தார். பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, புதன்கிழமை கணுக்காலி பாடம். நீங்க வந்து பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். உங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"

முடியாது என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். "சரிங்க டீச்சர்" என்றுவிட்டேன்.

நான் படித்ததும் அதே பள்ளிதான். மூன்றாம் வகுப்பில் நாலு வரி ஒப்பிக்க மேடையில் ஏற்றினார்கள். வாயே திறக்காமல் இறங்கி ஓடிவிட்டேன். இந்த முறையும் ஓடிவிடுவேனோ என்று புதன்கிழமை வரைக்கும் சோறு இறங்கவில்லை.

சுளுக்கு எண்ணெயும் கட்டுத் துணியும் எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, டீச்சருக்காக, கொடுக்கில் கயிறு கட்டிய சேற்று நண்டு ஒன்றும் கொஞ்சம் இறாலும் பையில் போட்டேன்.

வகுப்பில் முப்பது பிள்ளைகள். எண்ணெய்ப் புட்டியை மேசையில் வைத்து, வலது காலணியைக் கழற்றினேன்.

"என்னண்ணே பண்றீங்க?" என்றார் டீச்சர்.

"கணுக்கால் பாடம்னு சொன்னீங்களே."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு பலகையைக் காட்டினார். 'கணுக்காலிகள்' என்று எழுதியிருந்தது. "காலு கணுக்கணுவா மடங்குற உயிருங்கண்ணே. நண்டு, இறால், சிலந்தி, பூரான், கரப்பான் எல்லாம்."

வகுப்பே சிரித்தது. என் காது சுட்டது. கதவு இரண்டு எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. அந்த நேரம் பைக்குள் நண்டு சரசரவென்று கீறியது.

"அங்கிள், உள்ள என்ன?" என்றாள் முன் வரிசைப் பிள்ளை.

நண்டைத் தூக்கிக் காட்டினேன். கை தெரிந்த வேலையைப் பிடித்ததும் வாயும் வந்துவிட்டது. கொடுக்கோடு சேர்த்துக் கால் எண்ணச் சொன்னேன். பத்து. இறாலுக்கும் நடக்கிற கால் பத்து, அதுபோக வயிற்றுக்கடியில் துடுப்புக் கால்கள். சிலந்திக்கு எட்டு, கரப்பானுக்கு ஆறு என்று டீச்சர் சேர்த்தார். வயிற்று மடல் அகலமாக இருந்தால் பெண், ஒடுங்கி இருந்தால் ஆண் என்று திருப்பிக் காட்டினேன்.

"எலும்பு எங்க அங்கிள்?"

"வெளியில இருக்கிற ஓடுதான் அதுக்கு எலும்பு. உடம்பு வளரும், ஓடு வளராது. அதனால பின்பக்கம் பிளந்து, பின்னாடியே நழுவி வெளிய வந்திரும்."

"சட்டை இல்லாமயா?"

"புதுச் சட்டை உள்ளயே தயாரா இருக்கும், ஆனா மெத்துனு இருக்கும். அது இறுகுற வரைக்கும் எங்கயாச்சும் ஒளிஞ்சிக்கும். என்னை மாதிரி, ரொம்பக் கூச்சம்."

மறுபடியும் சிரித்தார்கள். இந்த முறை நானும் சிரித்தேன்.

மணி அடித்தபோதுதான் கவனித்தேன், ஒற்றைக் காலணியோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். இறாலை டீச்சர் வாங்கிக்கொண்டார். நண்டை வாங்கவில்லை. பிள்ளைகள் அதற்குள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்களாம், எப்படிச் சமைப்பது என்றார். எண்ணெய்ப் புட்டியை மட்டும், பள்ளிக்கு உதவும் என்று கேட்டு வைத்துக்கொண்டார்.

டீச்சர் மூன்று முறை ஞாபகப்படுத்திய பிறகு, கடை மூடி வந்து எழுதி முடித்தது:
மார்ச் 9, ஞாயிறு.