முடிவில்லாத நத்தார்க் கதையும் ஒரு சவுக்காரமும்

வாடகைக்குப் புத்தகம் கொடுப்பது அயல்வீட்டுக் கலியாணத்துக்குக் கதிரை கொடுப்பது மாதிரி: திரும்பி வரும், ஆனால் ஒரு கால் ஆடும். மன்னார்ப் பட்டினத்தில் அப்படியொரு கடை வைத்து நொந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கருவாடு விற்றவன். பேரம் பேசத் தெரியும், கோபப்படத் தெரியும், கதைகளில் மட்டும் பொறுமை கிடையாது. என்னைப்போல் கடை வைத்துக் கெட்டவர்களுக்குத்தான் இது விளங்கும்.

மார்கழி பிறக்க முன்னமே சனம் ஒரே வகைக் கதையைத்தான் கேட்கும். அந்தக்காலக் கோட்டை, கப்பல் ஓட்டும் ஒரு கப்பித்தான், ஒரு ஏழைப் பெட்டை. நத்தார் இரவில், யேசுபாலன் பிறந்த அந்த இரவில், அவன் திரும்பி வரவேண்டும். வராத கதையை ஒருவரும் தொடமாட்டார்கள். இந்த விசர், இந்தப் பைத்தியம், ஏன் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

பியரில் ஒரு பேரம்

இந்தியப் புத்தகங்கள் கடைக்கு ஒழுங்காக வராத காலம் அது. தலைமன்னார் பியரில், அந்த இறங்குதுறையில், இராமேஸ்வரக் கப்பலுக்குக் காத்து நிற்கும் பயணிகளிடம், அவர்கள் வாசித்து முடித்ததைக் குளிக்கிற சவுக்காரத்துக்கு மாற்றுவேன். எங்கள் சந்தனச் சவுக்காரம் என்றால் அவர்களுக்கு அவ்வளவு ஆசை. ஒருநாள் ஒரு பெரியவர் கையில் நத்தார்க் கதை ஒன்றைக் கண்டேன். ஒல்லாந்தர் காலம், அதுவும் எங்கள் மன்னார்க் கோட்டையிலேயே நடக்கிற கதை. இரண்டு சவுக்காரம் கேட்டார். என் பையில் இரண்டு இருந்தது. ஆனாலும் ஒன்று என்றேன். கப்பல் ஊதியது. எனக்குச் சூடு ஏறியது. “தையல் விட்ட புத்தகத்துக்கு ரெண்டோ? பகல் கொள்ளை!” என்று ஊர் பார்க்கக் கத்தினேன்.

மனிதர் முகம் கோணவில்லை. தையல் விட்டிருந்த கடைசிப் பதினாறு பக்கத்தை மெதுவாக உருவித் தன் பைக்குள் வைத்தார். மிச்சத்தை என் கையில் தந்தார்.

“ஒரு சோப்புக்கு இவ்வளவுதான் தம்பி. முடிவு வேணும்னா இன்னொண்ணு எடுங்க.”

வாடைக்காற்று

நான் எடுக்கவில்லை. கப்பல் போய்விட்டது. கோட்டை வாசலில் பெட்டை விளக்கோடு நிற்கிறாள், தூரத்தில் கடலில் ஒரு கப்பற்பாய் தெரிகிறது, அந்த இடத்தோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. இதை ஆர் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வரிசையில் நின்று எடுத்தார்கள்.

முதலில் கொண்டுபோனவர் சவிரியான் அண்ணை. கடற்றொழில். கண் மங்கிப்போன தன் மனுசி லூர்தம்மா அக்காவுக்கு வாசித்துக் காட்டத்தான் எடுத்தார். இரண்டாம் நாள் வந்து புத்தகத்தை மேசையில் எறிந்தார். “எழுதினவன் கடலைக் கண்டவனோ? மார்கழியில கொழும்பில இருந்து பாயிழுத்து மன்னாருக்கு வாறானாம். வாடை மூஞ்சையில அடிக்கும், ஒரு முழம் நகர ஏலாது!” எனக்கும் கோபம். “அப்ப வைச்சிட்டுப் போங்கோ!” என்றேன். வாசல் வரை போனவர் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

“அதுசரி தம்பி, அவன் வந்து சேந்தவனோ?”

ரீச்சரின் திருத்தம்

அடுத்தது பள்ளிக்கூடத்து ரீச்சர். மூன்று தரம் எடுத்தா, மூன்று தரமும் குறை சொன்னா. நத்தாருக்கு முந்தின நாலு கிழமையும் தவக்காலம் மாதிரி, கோயிலில் கலியாணமே இல்லை, கதையில் எப்படிப் பந்தல் போடுகிறார்கள் என்று கேட்டா. எங்கள் கத்தோலிக்கச் சுவாமிமாரைத் துரத்தின ஒல்லாந்தக் கப்பித்தானுக்கு எந்தக் கோயிலில் தாலி கட்டிவைப்பார்கள் என்று கேட்டா. “எனக்கென்ன தெரியும், நானோ சுவாமி?” என்று சீறினேன். நாலாம் தரம் ஒரு அப்பியாசக் கொப்பியோடு வந்து நின்றா.

“முடிவை நானே எழுதிப்போட்டன். கப்பித்தானுக்கு ஞானஸ்நானம் குடுத்து, கலியாணத்தைத் தைக்குத் தள்ளியிருக்கிறன்.”

உயிலங்குளத்தார்

உயிலங்குளத்துக் கமக்காரர் ஒருவர், சைவ சமயம், நெல்லு மூட்டையோடு பட்டினம் வந்த இடத்தில் எடுத்துப் போனார். நத்தார் என்றால் கேக் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. திருப்பித் தரும்போது முகம் வாடியிருந்தது. மிச்சப் பக்கம் இல்லையென்றால் இல்லைத்தான் என்று கையை விரித்தேன். சண்டை பிடிப்பார் என்று நானும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நின்றேன்.

“முடிவு கிடக்கட்டும் முதலாளி. அந்தப் பெட்டை எத்தினை நாளா வாசல்ல நிக்கிறாள், பனியும் விழுது. அவளை உள்ள வந்து இருக்கச் சொல்லுங்கோவன்.”

காற்று மாறின கதை

மூன்றாம் வருடம் லூர்தம்மா அக்கா படுக்கையில் விழுந்தா. ஐப்பசியில் சவிரியான் அண்ணை கடைக்கு வந்தார். இந்தமுறை ஏசவில்லை. “முடிவை ஒருக்கா எடுத்துத் தா தம்பி. நத்தார் வரைக்கும் தாங்கமாட்டாள் எண்டு டொக்டர் சொல்லுறார்” என்றார். அவர்களுடைய ஒரே மகன் கப்பல் வேலைக்குப் போய் மூன்று நத்தார் கழிந்துவிட்டது, கடிதமில்லை. அக்கா மகனைப் பற்றி ஒருநாளும் ஒருவரிடமும் கேட்டதில்லை. கப்பித்தானைப் பற்றித்தான் கேட்பா.

கப்பல் வருகிற நாளெல்லாம் இரண்டு சவுக்காரத்தோடு பியரில் நின்றேன். அந்தப் பெரியவரைக் காணவில்லை. கண்டிருந்தால் பெட்டியோடு கொடுத்துக் காலிலும் விழுந்திருப்பேன். பிறகு கடல் குழம்பிக் கப்பலும் நின்றது. நத்தாருக்கு நாலு நாள் கிடக்க, வெறுங்கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

“முடிவு கிடைச்சிட்டுது அக்கா. நத்தார் பூசை மணி அடிக்க அவன் வந்து இறங்கிறான்” என்றேன். “வாடையிலயோ?” என்றா. கட்டில் காலடியில் இருந்த சவிரியான் அண்ணை சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “அண்டைக்குக் காத்து மாறினது. ஒரு நாள் அப்பிடி மாறும். நான் கண்டிருக்கிறன்.” அவர் அப்படி ஒரு காற்றைக் கண்டதில்லை, ஒருவரும் கண்டதில்லை. மகன் வரவில்லை. நத்தார் கழிந்து பன்னிரண்டாம் நாள் வரும் மூன்று ராசாக்கள் திருநாளுக்கு முன்னமே அக்காவை அடக்கம் செய்தோம். நான் அந்த முடிவைச் சொன்ன நாளில் அவ எங்கள் இரண்டு பேர் பக்கமும் முகத்தைத் திருப்பி, சிரித்துக்கொண்டு கேட்டது இவ்வளவுதான்:

“ரெண்டு பேரும் நல்லாப் பொய் சொல்லுறியள். பரவாயில்லை. வந்த பிள்ளைக்கு ஆரும் சோறு குடுத்ததோ?”

பேரத்தில் என்னை வென்றவன் மன்னாரில் இல்லையென்று சனம் இன்றும் சொல்கிறது, பியரில் அன்று நான் மிச்சம் பிடித்த அந்தச் சவுக்காரமோ வாசம் போய் என் அலுமாரிக்குள் கிடக்கிறது.