ஓனரைக் கூட்டிட்டு வாங்க பாய்

ஹபீபுர் ரஹ்மானைப் பொய்யர் என்று யாரும் சொல்ல முடியாது. நில புரோக்கர், அவ்வளவுதான். மனையில் மழைத்தண்ணீர் முழங்கால் வரை தேங்கியிருந்தால், "பாத்தீங்களா, தண்ணிக்குப் பஞ்சமே கெடையாது" என்பார். எனக்குக் கோபாலபுரத்தில் வாடகை வீடு பிடித்துக் கொடுத்தபோது பக்கத்து வீட்டு நாயைக் காட்டி, "செக்யூரிட்டி ஃப்ரீயா கீது சார்" என்றார். அந்த நாய் குடிவந்த வாரமே என்னைக் கடித்தது. அப்படியும் அந்த மனுஷரோடு எனக்கு எப்படிச் சிநேகம் வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

ஊருக்கெல்லாம் வீடு காட்டியவர், கே.கே. நகரில் காலமெல்லாம் வாடகை வீட்டில்தான் இருந்தார். பதினோரு மாத அக்ரிமென்ட் முடியும்போதெல்லாம் அவர் மனைவி நஸ்ருன்னிசா பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார். போன வருஷம் அந்த அம்மாள் முதல் மாடியில் ஒரு ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். சமையலறையில் பெரிய ஜன்னல். "எனக்கு இதுதான் வேணும்" என்று சொல்லிவிட்டார். ஃப்ளாட் கட்டுகிற பில்டர் பணம் கொண்டுவர மாசக் கடைசி வரை தவணை கொடுத்தார்.

கையில் இருந்த ஒரே சொத்து ஈக்காட்டுத்தாங்கலில் அரை கிரவுண்டு காலி மனை. எப்போதோ ஒரு முதலாளி கமிஷன் கொடுக்க வழியில்லாமல் எழுதிக் கொடுத்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் பத்திரம். அதை விற்றால் ஃப்ளாட்டுக்குச் சரியாக இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும் ஜன்னல் போச்சு. பேங்க் லோனுக்கு அலைகிற பார்ட்டி சரிப்படாது. ஒரே டிராஃப்டில் முழுப் பணம் தருகிற ரெடி கேஷ் பார்ட்டிதான் வேண்டும்.

பார்ட்டிகளுக்குப் பஞ்சமில்லை. "எடம் என்னுதுதான்" என்று பாய் சொன்னதும் சிரித்தார்கள். "அது கெடக்கட்டும், ஓனரைக் கூட்டிட்டு வாங்க பாய்" என்றார்கள். பத்திரத்தை நீட்டினால், "இந்த ஹபீபுர் ரஹ்மான் துபாய்ல இருக்காரா?" என்று கேட்டார்கள். பத்திரத்து போட்டோவில் தலை நிறைய முடி இருந்தது; இப்போது தொப்பிக்கடியில் வெறும் வழுக்கை. ஆதார் கார்டைக் காட்டினார். "பேரு ஒண்ணா இருந்தா ஆச்சா?" என்று போய்விட்டார்கள். இத்தனை வருஷமாக இல்லாத ஓனர்களை எல்லாம் துபாயில் உட்கார வைத்தவருக்கு நன்றாக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"சார், நீங்க புரோக்கரா வாங்க. நான் ஓனரா சும்மா குந்திக்கினு கீறேன்."

"நானா? கறிகாய்க்காரிகிட்டயே எனக்குப் பேரம் பேச வராது பாய். ஆத்துல கேட்டுப் பாருங்கோ."

"பேசவே வேணாம் சார். பேங்க்ல ஆபீசரா இருந்த மூஞ்சி, அது போதும்."

பிரபு என்று ஒருவர், ஈக்காட்டுத்தாங்கலிலேயே லேத் பட்டறை வைத்திருப்பவர், பாய் வீட்டுக்கு வந்தார். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். என்ன கேட்டாலும் "வூட்ல கேக்கணும்" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அரை மணி நேரம் பிரமாதமாகச் சமாளித்தார். ஓனர் என்றால் ஓனர், அப்படி ஒரு தோரணை.

பிரபு ஐந்து லட்சம் குறைத்துக் கேட்டார். நான் விழித்தேன். யாரும் பேசவில்லை. பேரத்தில் இப்படி ஒரு மௌனம் விழுந்தால் பாய்க்குத் தாங்காது. வியாபாரம் முறிகிற சத்தம் அவருக்கு மட்டும் கேட்கும். காலை ஆட்டினார். தொப்பியைக் கழற்றி மாட்டினார். திடீரென்று எழுந்துவிட்டார்.

"இன்னா சார் இது! பார்ட்டி ரெடி கேஷோட வந்துகீறாரு. ஓனர்தான் கொஞ்சம் எறங்கி வரணும். நான் சொன்னா ஓனர் தட்ட மாட்டாரு, அந்த அஞ்சு லட்சத்த வுட்டுத் தள்ளுங்க!"

சொன்னதோடு நிற்கவில்லை. பிரபுவின் கையைப் பிடித்து, இன்னொரு கையால் என் கையைப் பிடித்து, இரண்டையும் சேர்த்துக் குலுக்கி, "முடிஞ்சிது!" என்றார்.

பிரபு என்னைப் பார்த்தார். "அப்ப நீங்கதான் ஓனரா சார்?"

அப்போதுதான் பாய்க்கு உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. அவரைத் திட்டுவதா, அவருக்காக அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நஸ்ருன்னிசா டீத் தட்டோடு உள்ளேயிருந்து வந்தார். தட்டை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

"ஊர்ல கீற ஓனரையெல்லாம் எறக்குனீங்களே, போதாதா? பத்திரத்துல என் பேரும் கீது. இந்த ஓனரு எறங்க மாட்டா." பிரபுவிடம் திரும்பி, "டீ சாப்புடுங்க தம்பி. அஞ்சு பைசா கொறையாது" என்றார்.

பிரபு ஒரு வாய் டீ குடித்தார். பிறகு சிரித்துவிட்டார். "இவங்க ஓனர். நம்பறேன் சார்." சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டார்.

பத்திரப் பதிவு அன்று நானும் போயிருந்தேன். கூட்டம் நெரிந்தது. "புரோக்கருங்க எல்லாம் வெளிய நில்லுங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பாய் மறுபேச்சில்லாமல் வெளியே போய் வேப்பமரத்தடியில் மற்ற புரோக்கர்களோடு நின்றுகொண்டார். நானும் கவனிக்கவில்லை.

நஸ்ருன்னிசாதான் தேடிக்கொண்டு வெளியே வந்தார். "இங்க இன்னா பண்றீங்க? உள்ள வாங்க. விக்கிறது நம்ம எடம்."

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். மேசைக்குப் பின்னாலிருந்தவர் தலை நிமிராமலே கேட்டார்: "ஓனர் யாரு?"

"நான்தாங்க."

யாராவது சிரிப்பார்களோ என்று சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. "இங்க கை வைங்க" என்றார்கள். வைத்தார். அந்த மனை அவருடையது என்று ஊர் ஒத்துக்கொண்ட அடுத்த நிமிஷம் அது பிரபுவுடையதாகிவிட்டது.