பன்னிரண்டாம் காம்பராவின் பூட்டு

எங்கள் திருச்சபையிலிருந்து இருபத்தொரு பேர் போயிருந்தோம். பெண்கள் ஒன்பது, ஆண்கள் பன்னிரண்டு. அறுபதைத் தாண்டியவர்கள் என்னோடு சேர்த்து நால்வர். லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், காற்றில் கூரை பாதி பறந்துபோன லயம் ஒன்றுக்கு, அதாவது தொழிலாளர் வரிசைவீட்டுக்கு, மூன்று நாளில் புதுத் தகரம் போட்டுக் கொடுப்பது வேலை. கணக்கு எப்போதும் என் பொறுப்பு. முப்பத்தாறு ஆண்டு கணிதம் படிப்பித்தவன் என்பதால் இந்த வேலைக்கு யாரும் என்னோடு போட்டி போடுவதில்லை.

இரண்டு வாரம் முன்பே தனியாகப் போய் எண்ணிவிட்டு வந்திருந்தேன். பன்னிரண்டு கதவு, பன்னிரண்டு காம்பரா; குடும்பத்துக்கு ஓர் அறை. ஒன்றுக்குப் பதினாறு தகரம் என்றால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. லொறியில் ஏற்றும்போது இரண்டு முறை எண்ணினேன். இறக்கும்போது ஒரு முறை. ஏணி வழுக்கும், ஆணி போதாது, பகல் இரண்டு மணிக்கு மழை வந்துவிடும் என்று நான் பயந்த எதுவும் முதல் நாளான வியாழக்கிழமை நடக்கவில்லை. லயத்து ஆண்களும் எங்கள் ஆட்களோடு கூரையில் ஏறிவிட்டதால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் எட்டுக் காம்பரா முடிந்திருந்தது.

அப்போதுதான் ஆறாம் காம்பராக்காரி கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். நாற்பது வயதிருக்கும். வந்த நாளிலிருந்தே என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவள்.

“வாத்தியாரய்யா, எங்க இஸ்தோப்புல ரெண்டு பேரு குடியிருக்காங்க. மூணாவது ஆளு நாளைக்குக் காலையில ஆசுபத்திரியில இருந்து வருது. அது உங்க கணக்குல ஏறலையோ?”

காம்பராவின் வாசலை ஒட்டிய அந்த முன்பகுதியைச் சாக்காலும் தறப்பாளாலும் மறைத்திருந்தார்கள். விறகு அடுக்கும் இடம் என்று நினைத்திருந்தேன். அவளுடைய கொழுந்தனும் அவன் மனைவியும் ஒன்றரை வருடமாக அங்கேதான் இருக்கிறார்கள் என்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். காற்று அந்த மறைப்பின் மேலே இருந்ததையும் கொண்டுபோயிருந்தது. உள்ளே ஏற்கெனவே ஆறு பேர். பிறந்து நான்கு நாளான குழந்தையை எங்கே படுக்க வைப்பது என்பதுதான் கேள்வி. நான் எண்ணப் போனது காலை பத்து மணிக்கு. லயமே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லாததால் கதவுகளை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பியிருந்தேன்.

என் பிழை என்று அவளிடமும் எங்களோடு வந்திருந்த போதகரிடமும் சொன்னேன். அதில் எனக்கு வெட்கமில்லை. கரும்பலகையில் தவறு விட்டால் அழித்துவிட்டு எழுதுவதுதானே. போதகர் முடிவை என்னிடமே விட்டார்.

லயத்தின் கடைசிக் கதவு பூட்டிக் கிடந்தது. அந்தக் குடும்பத்துக்குக் கொழும்பில் கடையொன்றில் வேலை. திருவிழாவுக்கும் தீபாவளிக்கும்தான் வரும். ஆளில்லாத காம்பராவுக்கு வைத்த தகரத்தில் எட்டை எடுத்து இஸ்தோப்புக்குப் போடலாம் என்று தோன்றியது. ஆனால் அது அவர்களுக்கென்று சொல்லிக் கொண்டுவந்த தகரம். தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவரிடம் எண் வாங்கி, சிக்னல் கிடைக்கும் கோயில் வளைவுக்கு ஏறிப்போய் அந்த வீட்டுக்காரரை அழைத்தேன். விஷயத்தை முழுதாகச் சொல்லி, எட்டுத் தகரம் தர முடியுமா என்று கேட்டேன்.

“தகரத்த ஏன்யா பிரிக்கிறீங்க?” என்றார். “எங்க காம்பராவுக்கே முழுசாப் போடுங்க. போட்டுட்டு பூட்ட ஒடைங்க. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு அந்தப் புள்ள சாக்குக்குள்ளயா கெடக்கும்? உள்ள இருக்கச் சொல்லுங்க. நாங்க வந்தா ஒண்ணா இருந்துக்குவோம்.” பிறகு சிரித்தார். “ஒண்ணுங்கய்யா, நீங்க சர்ச்சுக்காரங்க. சாமி படத்த மட்டும் எறக்கிடாதீங்க.”

இறக்க மாட்டேன், துடைத்தே வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தலைவர் பூட்டை உடைத்தார். வரிசையில் கடைசியாக வரவேண்டிய காம்பராவை முதலாவதாக எடுத்தோம். ஏறிப் பார்த்தால் கூரையைத் தாங்கும் கைமரங்களில் மூன்று உளுத்திருந்தன. அடுப்பு எரியாத காம்பராவில் மரத்துக்குப் புகை கிடைப்பதில்லை, வண்டு அரித்துவிடுகிறது. பழைய தகரத்தைக் கழற்றி, மரம் மாற்றி, பதினாறையும் அடிக்கக் குறைந்தது மூன்றரை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டேன். ஒன்பதுக்கெல்லாம் தாயும் பிள்ளையும் வந்துவிடுவார்கள். கூரையில்லாத அறைக்கு வந்து என்ன செய்வது? நான் வாசலுக்கும் ஏணிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஆறாம் காம்பராக்காரி என்னை நிறுத்தினாள். “என்னங்கய்யா நீங்க, சனிக்கெழம ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். புள்ளைய அந்நேரம் வாசப்படி தாண்ட விட்டுருவோமா? மெதுவா அடிங்க.”

கோயில் வளைவுக்கு ஏறிப்போய், ஆசுபத்திரியில் இருந்த கொழுந்தனைப் போனில் அழைத்து, பத்தரைக்கு முன் ஆட்டோவை லயத்துப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். என் வாழ்நாளில் ராகு காலம் பார்த்து ஒரு வேலையும் நான் செய்ததில்லை. அன்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் போதகர், “கூடுதலாகத் தொண்ணூறு நிமிடம்” என்றார். நானும் அதையேதான் கணக்கிட்டிருந்தேன்.

மரத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. திருவிழாப் பந்தலுக்கென்று கோயிலுக்குப் பின்னால் வைத்திருந்த கம்புகளில் மூன்றைத் தலைவர் தோளில் போட்டுக் கொண்டுவந்தார். கீழே எங்கள் பெண்கள் தரையைக் கழுவி அடுப்பில் நெருப்பு மூட்டினார்கள். சாமி படங்கள் நான்கு. அவற்றை இறக்காமலே நான் துடைத்தேன். கடைசித் தகரம் பத்து இருபதுக்கு ஏறியது. பத்து ஐம்பதுக்கு ஆட்டோ வந்தது. ஆலம் சுற்றி, லயத்துப் பெண்கள் தாயை வலது காலெடுத்து வைக்கச் செய்து உள்ளே கூட்டிப்போனார்கள். குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆட்கள் பிரிந்து எடுத்த மீதி மூன்று காம்பராவில் கடைசியானது முடிகிற நேரத்தில், ஒன்றே முக்காலுக்கு, மழை பிடித்தது. நான் நினைத்ததற்குக் கால் மணி முன்னால். தகரத்தில் விழுந்த சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. பன்னிரண்டாம் காம்பராவின் திறந்த கதவு வழியே பார்த்தேன். அந்த இளம் தகப்பன் ஒவ்வொரு தகர இணைப்பின் கீழும் உள்ளங்கையை நீட்டிப் பிடித்தபடி சுவரோரமாக நடந்துகொண்டிருந்தான். மூலை வரை போய்த் திரும்பி வாசலுக்கு வந்தான்.

“ஒழுகலைங்கய்யா” என்றான்.

அவன் அண்ணி பின்னாலிருந்து, “ஐயாவும் வந்து ஒருக்கா பாத்துட்டுப் போங்க, இல்லாட்டி இன்னைக்குத் தூங்க மாட்டீங்க” என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவன் போன வழியிலேயே, ஓர் இணைப்பும் விடாமல் கையை நீட்டிப் பார்த்தேன். கை நனையவில்லை.