விண்ணக அப்பமும் கட்டைச் சம்பலும்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில், மன்னார் பட்டினத்தில் வீட்டு வாசலிலேயே சின்னதாக ஒரு அப்பக் கடை தொடங்கினேன். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, பிறகு ஊர் திரும்பியவள் நான். முகாமில் நான் சுட்டதெல்லாம் 'ஆப்பம்'. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டு அயலவர்கள் கேலி செய்தார்கள். அதனால் கடைப் பலகையில் 'அப்பம்' என்றே எழுதவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஆனால் வெறும் அப்பம் என்று எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எங்கள் வீட்டுக்குப் பின்னால் கத்தோலிக்கக் கோயில். விடியற்காலையில் ஒலிபெருக்கியில் ஒரு பெண் பாடுவார். நாங்கள் சைவக்காரர், பாட்டின் பொருள் எனக்கு முழுதாக விளங்காது. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால் அடுப்பு மூட்டும் அலுப்பே தெரியாது. பாட்டில் 'விண்ணக அப்பம்' என்ற சொல் அடிக்கடி வரும். அடடா, அப்பத்தை இவ்வளவு கொண்டாடுகிறார்களே என்று நினைத்துவிட்டேன்! தொட்டுக்கொள்ள நான் இடிக்கும் கார மிளகாய்ச் சம்பலையும் சேர்த்து, கணவரைப் பிடித்துப் பெரிய எழுத்தில் தீட்ட வைத்தேன்: 'விண்ணக அப்பம், கட்டைச் சம்பலுடன்.'

முதலில் வியாபாரம் நன்றாகத்தான் போனது. பிறகு சிலர் பலகையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஏன் என்று விளங்கவில்லை. விளம்பரப் பலகைகளுக்கு அனுமதி கொடுக்கும் கந்தோரிலிருந்து அழைப்பு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. என் பலகைமேல் முறைப்பாடு. பலகை போனால் போகட்டும், திரும்பி வந்த இடத்தில் ஊர் என்னை ஒதுக்கிவிடுமோ என்றுதான் பயந்தேன்.

போனால், முறைப்பாடு செய்த பெண்ணும் அங்கே ஒரு கதிரையில் இருந்தார். என் வயதுதான் இருக்கும். என் பக்கம் திரும்பவே இல்லை. உத்தியோகத்தர் பாவம், தலையைச் சொறிந்தார்.

"அக்கா, சமயத்தை நிந்திச்சுப் பலகை போட்டிருக்கிறியளாம். பலகை ரோட்டுக்கு நீட்டிக்கொண்டு நிண்டா நான் கழட்டச் சொல்லலாம். ஒரு ஆளின்ரை மனம் நொந்ததை எந்த அடிமட்டத்தால அளக்கிறது?"

அந்தப் பெண் மெல்லச் சொன்னார். "எங்களுக்கு அது சாப்பாடில்லை. பூசையில சுவாமியார் தாற அப்பம் எங்களுக்கு ஆண்டவர். நீங்கள் அதைச் சம்பலோட விக்கிறியள்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். "சத்தியமா எனக்குத் தெரியாது. விடிய கோயில்ல ஒரு ஆள் பாடுறவ. அவவின்ரை குரலைக் கேட்டுக்கொண்டுதான் நான் மா கரைக்கிறனான். அவ பாடேக்க அந்தச் சொல்லு அவ்வளவு வடிவா இருந்துது. அதுதான் எழுதினனான்."

முதல் தடவையாக அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது நான்தான்" என்றார்.

உத்தியோகத்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். "அப்ப நான் ஆருக்கு எதிரா விசாரிக்கிறது?"

மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பலகையை இன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்றேன்.

"முழுக்க அழிக்காதேங்கோ" என்றார் அவர். "முதல் எழுத்தை மட்டும் மாத்தினாக் காணும். 'வி'யை எடுத்துப்போட்டு 'ம' போடுங்கோ."

மண்ணக அப்பம்! வானத்திலிருந்து இறங்கி இந்த மண்ணுக்கே வந்துவிட்டது என் அப்பம். அன்று பின்னேரமே கணவர் அந்த ஒரு எழுத்தை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தப் பெண் பாடகர் குழுவையே கூட்டிக்கொண்டு வந்தார். மா போதவில்லை. எனக்குச் சந்தோசத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த முறைப்பாட்டை உத்தியோகத்தர் ஏற்றிருக்கவேண்டுமா, தள்ளியிருக்கவேண்டுமா என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏற்றிருந்தால் பொருமிக்கொண்டு வந்திருப்பேன். தள்ளியிருந்தால் வென்றுவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு வந்திருப்பேன். எப்படியானாலும் எங்களுக்குள் பகைதான் மிஞ்சியிருக்கும்; மறுநாள் விடிய அந்தக் குரல் கேட்டதும் யன்னலைச் சாத்தியிருப்பேன். இப்போதோ, அவர் பாடத் தொடங்கும்வரை நான் முதல் அப்பத்தை ஊற்றுவதே இல்லை.