கோழி ஓடிய மூன்று நிமிடம்

என் அம்மாவுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அனங்கி. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கள் ஊர்களில் 'அசையாதே' என்று யாரும் சொல்வதில்லை, 'அனங்காதே' என்றுதான் சொல்வோம். அனங்கி என்றால் அசைந்துவிட்டவள். ஏழு வயதில் ஒருமுறை அசைந்ததற்கு எழுபத்தேழு வயதிலும் அம்மா அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதல் பங்கைக் காணிக்கையாக ஆலயத்துக்குக் கொண்டுபோகும் நாள். மரச்சீனிக் கிழங்கு, சக்கைப்பழம், வாழைக்குலை, வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துச் சேர்த்த பிடியரிசி என்று எல்லாம் வரும். அந்த வருஷம் ஒரு வெள்ளைக்கார மிஷனரி கேமராவோடு வந்திருந்தார். சபையை நடத்திய உபதேசியார் எல்லோரையும் ஆலயத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, படம் பிடித்து முடிகிறவரை ஒருத்தரும் அனங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அம்மாவின் கையில் காணிக்கைக் கோழி. அது திமிறிக்கொண்டு ஓடிவிட்டது. அம்மாவும் பின்னாலேயே ஓடிவிட்டாள்.

படம் தபாலில் வரும் என்று ஊரே காத்திருந்தது. வரவே இல்லை. இந்தப் பிள்ளை அனங்கியதால்தான் படம் கெட்டுப்போனது என்று சபை மொத்தமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பண்டிகை அன்றே ஊர் அவளைத் திட்டித் தீர்த்தது; வீடு வரும்வரை அம்மாவின் அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மூன்றே வருஷத்தில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். அவருக்கு வேறு படமே கிடையாது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை கேமரா முன்னால் நின்ற மனிதரின் முகத்தைத் தான் அழித்துவிட்டதாக அம்மா உள்ளுக்குள் நம்பினாள். எங்கள் வீட்டுச் சுவரில் என் அப்பா வழி ஆட்கள் கண்ணாடி போட்ட சட்டங்களில் முறைத்துக்கொண்டிருப்பார்கள். அம்மா வழிக்கு ஒரு ஆணிகூட அடித்ததில்லை.

அதற்குப் பிறகு அம்மா எந்தப் படத்திலும் அசைந்ததில்லை. கல்யாணப் படத்தில் கதவு நிலை மாதிரி நிற்கிறாள். என் ஞானஸ்நானப் படத்தில் கையில் நான் வாய் கிழிய அழுகிறேன், அம்மா கண்கூட இமைக்கவில்லை. அப்படியும் ஊர் விடவில்லை. எந்த வீட்டுக் கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுத்தாலும் அம்மாவின் சித்தப்பா மகன், எங்கள் சபையின் மூப்பர், எனக்கு மாமா, தவறாமல் குரல் கொடுப்பார்.

"எலே, அனங்கி நிக்குத பக்கம் பாத்து எடுங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னால் சபை வாட்ஸாப் குழுவில் ஒரு இணைப்பு வந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒரு ஆவணக்காப்பகம் பழைய மிஷனரிகளின் படச்சுருள்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறதாம். அதில் ஒன்றுக்குத் தலைப்பு: அறுவடைக் காணிக்கை, திருவிதாங்கூர். ஓலைக்கூரை போட்ட எங்கள் பழைய ஆலயம் முதல் காட்சியிலேயே தெரிந்தது.

நான் தனுவச்சபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டே திறந்து பார்த்தேன். மாட்டுவண்டி போகிறது, ஓலைக்குடை பிடித்த ஒருத்தர் சாலையைக் கடக்கிறார். பிறகு வரிசையாக மனிதர்கள். அதோடு படம் நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று மூடித் திறந்தேன். அமரவிளை தாண்டுவதற்குள் நாலு தடவை மூடித் திறந்து, சிம் கம்பெனிக்காரனை மனசுக்குள் நன்றாக ஏசினேன். ஐந்தாவது தடவைதான் கவனித்தேன், வரிசைக்குப் பின்னால் தென்னை ஓலை ஆடிக்கொண்டிருந்தது. படம் ஓடுகிறது. ஆட்கள்தான் நிற்கிறார்கள்.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவர் கொண்டுவந்தது சினிமா கேமரா. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததெல்லாம் நெய்யாற்றின்கரை ஸ்டூடியோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது. உபதேசியாருக்குத் தெரிந்ததும் அதுவே. சலனப்படம் எடுக்க வந்தவர் முன்னால் ஒரு சபையே சிலையாக நின்றிருக்கிறது! அச்சுப்போட்டுத் தபாலில் அனுப்ப அவரிடம் புகைப்படம் என்று ஒன்று இருந்தால்தானே? மிச்சத்தை அம்மாவோடுதான் பார்ப்பது என்று அங்கேயே மூடி வைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அம்மாவிடம் சொன்னேன். அவள் மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அதுல எங்க அப்பன் உண்டா?"

"தெரியல்லம்மா. போன்ல எல்லாரும் எறும்பு மாதிரி இருக்காங்க. பண்டிகை அன்னிக்கு ஹால்ல திரை கட்டிப் போடப்போறாங்க. நீ வா."

"நான் வரல்ல மக்கா. கெடுத்தது நானாக்கும். அதத் திரையிலயும் போட்டுக் காட்டணுமா?"

இரண்டு வாரமும் அதே பதில்தான். பண்டிகை அன்று காலையில் எழுந்து பார்த்தால் கஞ்சி போட்ட கசவுப் புடவை கட்டி, குடையோடு வாசலில் நிற்கிறாள். ஹாலில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் வரிசை வந்தது. நான் எதிர்பார்த்த மாதிரியே பின்னாலிருந்து, "நெட் போச்சு, நெட் போச்சு!" என்று கத்தினார்கள். நான் எழுந்து நின்று ஓலையைப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொருத்தராகப் பார்த்தார்கள். சிரிப்பில் ஹால் குலுங்கிவிட்டது. ஒருத்தர் காலிலும் செருப்பு இல்லை, உபதேசியாருக்கு மட்டும் உண்டு. தரையில் கேமராக்காரரின் நிழல் விழுந்திருக்கிறது. நட, நட என்று அந்த நிழல் கையை வீசுகிறது. எங்கள் ஆட்கள் அதை இன்னும் விறைப்பாக நில்லுங்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் விறைக்கிறார்கள். முன்வரிசையில் பிடியரிசிக் கலயத்தோடு கண் பிதுங்க ஒரு பொடியன். எங்கள் மூப்பர் மாமாதான். அவர் காதைப் பார்த்தாலே தெரியும்.

அப்போது இடது ஓரத்திலிருந்து கோழி வந்தது.

அதன் பின்னால் ஒரு சின்னப் பெண், முட்டி வரை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கோழி உபதேசியாரின் கால்களுக்கு நடுவே புகுந்து போனது. பெண்ணும் புகப் பார்த்தாள். ஹாலில் விசில் பறந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் கோழியைப் பார்க்கவில்லை.

"அந்தா, கொலைய வச்சிட்டு நிக்குதாரே. அவருதான்."

தலையில் வாழைக்குலையோடு ஒரு மெலிந்த மனிதர். மற்றவர்கள் மாதிரியே அவரும் மூச்சைப் பிடித்து நிற்கிறார். கோழி அவரைத் தாண்டியது, பெண் தாண்டியது. அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தலையில் குலை ஆட ஆரம்பித்தது. அதைப் பிடிக்கப் போனவர் அது கீழே விழ, இடுப்பில் கை வைத்துக் குனிந்து சிரித்தார், பல்லெல்லாம் தெரிய. அவரைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர் சிரித்தார். வரிசை முழுக்கக் கலைந்தது. நிழல் இரண்டு கையையும் மேலே தூக்கியது. படம் முடிந்தது.

மூன்று நிமிடம்தான். ஹால் சத்தத்தில் அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு அவரு பேசாம வந்தது மட்டுந்தான் ஓர்மை. சிரிச்சது தெரியாதே மக்கா."

அவள் அழுதாள். நானும்தான் அழுதேன், அதை மறைப்பானேன். ஊர் முழுக்கத் திட்டுகிற நேரத்தில் மகளைப் பார்த்தால் மறுபடியும் சிரித்துவிடுவோம் என்றுதான் அவர் வழியெல்லாம் வாயைத் திறக்காமல் வந்திருப்பார். இது என் ஊகம். அம்மா அதை அப்போதே சத்தியமாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

மாமா வந்து முன்னால் நின்றார். எழுபது வருஷக் கேலியை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

"நீ ஓடல்லன்னா இது படமே இல்ல, கேட்டியா. நாங்க எல்லாரும் சும்மா கம்பு நட்ட மாதிரில்லா நிக்குதோம்."

"இப்பவாவது தெரிஞ்சுதே," என்று சொல்லிவிட்டு அம்மா தேநீர் இருக்கும் பக்கம் போனாள்.

அடுத்த வாரம் அவளை நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த இளைஞர் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இரண்டு காட்சிகளைத் தேர்ந்து கணினியில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்றில் தாத்தா நேராக நிற்கிறார், மீசை மயிர்கூட எண்ணலாம். மற்றதில் குனிந்து சிரிக்கிறார், முகம் பாதி கலங்கியிருக்கிறது.

"இது அனங்கிப்போச்சு அம்மச்சி. மத்ததப் போடுவோம், நல்ல தெளிவா உண்டு," என்றார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்தாள்.

"அனங்கினதையே போடு மக்கா," என்றாள். "மத்ததுல அவரு உபதேசியாருக்காக நிக்குதாரு. இதுல என்னைப் பாத்துச் சிரிக்குதாரு."